பாதியில் நின்ற செமஸ்டரும் பறிபோன ரீஃபண்டும்



வரிக்கணக்கு முடிக்கும் காலம் வந்துவிட்டது. அமெரிக்காவில் வாழும் நம் வாசகர் வீடுகளில் டபிள்யூ-2 படிவங்கள் வந்து சேர்ந்திருக்கும். சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த வரி எவ்வளவு திரும்பும், அதை வைத்து காரைப் பழுது பார்ப்பதா, கிரெடிட் கார்டு பாக்கியை அடைப்பதா, ஊருக்கு டிக்கெட் எடுப்பதா என்று சாப்பாட்டு நேரத்தில் பேச்சு நடக்கும். குறைந்த சம்பளத்தில் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதிலும் ஒரே தடவையில் கைக்கு வருகிற பெரிய தொகை இதுதான். உழைத்துச் சம்பாதிக்கும் ஏழைக் குடும்பங்களுக்கான ஏர்ன்டு இன்கம் டாக்ஸ் கிரெடிட்டும் இந்த ரீஃபண்டோடுதான் சேர்ந்து வரும். அந்தச் சலுகை கோருகிறவர்களுக்கு பிப்ரவரி நடுப்பகுதிக்கு முன்னால் பணம் அனுப்பக்கூடாது என்று 2015-இல் ஒரு சட்டம் வந்தது. அதனால் ஜனவரி வாடகையைக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, பிப்ரவரிக் கடைசிக்காகக் காத்திருக்கும் வீடுகள் ஏராளம்.

அப்படிக் காத்திருந்தும் பணம் வராத வீடுகளுக்காக இந்த மாதப் பக்கத்தை எழுதுகிறேன். பணத்துக்குப் பதிலாக அங்கே ஒரு கடிதம் வருகிறது. எப்போதோ படித்து, பாதியில் விட்ட ஓர் அரசுக் கல்லூரிக்குப் பாக்கி இருக்கிறது, ஆகவே உங்கள் மாநில ரீஃபண்டை அதில் வரவு வைத்துக்கொண்டோம் என்று அதில் இருக்கும். நீதிமன்றத்தில் வழக்கு இல்லை. தீர்ப்பு இல்லை. நீதிபதியின் முகத்தைக்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

போன ஆண்டு நம் வாசகி ஒருவர் போன் செய்தார். "அக்கா, பையன் படிச்ச காலேஜ் பேரைப் போட்டு ஒரு லெட்டர் வந்திருக்கு. அவன் அங்கேருந்து வந்தே ஏழெட்டு வருசம் ஆச்சு. ஏமாத்து வேலையா இருக்குமோன்னு பயமா இருக்கு, ஒரு தடவை பாத்துச் சொல்றீங்களா?" என்றார். அவர் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. வரித்துறை பேரைச் சொல்லிப் பணம் பறிக்கிற மோசடி போன்கள் நம்மவர்களுக்கு வராத வாரமில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மேசையில் கடிதங்கள் இருந்தன, சில பிரிக்கவே படவில்லை. எல்லாம் மகன் பெயருக்கு வந்தவை. அவர் கல்யாணமாகி வேறு ஊரில் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறார். கல்லூரியின் பதிவேட்டில் மட்டும் இன்னும் அம்மாவின் விலாசமே இருந்திருக்கிறது. அறிவிப்புகளைக் கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்கு அனுப்பினால் போதும் என்பதுதான் வழக்கம்.

கடிதத்தின் முதல் பக்கத்தில் மூன்று வரிகள். அசல், வசூல் கட்டணம், மொத்தம். எந்தப் பாடத்துக்கு, எந்த மாதத்துக்கு, ஏன் என்ற விவரம் கிடையாது. கடன் தவறு என்று கருதினால் 30 நாளுக்குள் எழுத்தில் விசாரணை கேட்கலாம் என்பது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. பிரிக்காத உறைகளில் மிகப் பழையதை எடுத்துத் தேதி பார்த்தேன். 30 நாள் முடிந்து பல மாதம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை மகன் தன் சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடிதத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "அப்பாவுக்கு பைபாஸ் ஆன வருசம்மா அது. கிளாசுக்குப் போறத நிறுத்திட்டேன். எழுதிக் குடுத்துட்டுத்தான் நிக்கணும்னு எனக்கு யாரும் சொல்லல." அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கிட்ட லீவுன்னுதானேடா சொன்ன?" என்று மட்டும் கேட்டார். பெயரையும் ஊரையும் சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்று இருவருமே அனுமதி தந்தார்கள்.

வகுப்புக்குப் போகாத மாணவருக்கு எப்படிக் கடன் வரும், அதுவும் உதவித்தொகையில் படித்தவருக்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். விடை மத்திய அரசின் ஒரு விதியில் இருக்கிறது. பெல் கிராண்ட் முதலிய மத்திய அரசு உதவித்தொகை, செமஸ்டரின் நாட்கள் கழியக் கழியத்தான் மாணவருக்குச் சொந்தமாகும். 60 சதவீத நாட்களைத் தாண்டிவிட்டால் முழுத்தொகையும் அவருடையது. அதற்கு முன் நின்றால், கழிந்த நாட்களுக்கான பங்கு மட்டுமே. மீதியைக் கல்லூரி அரசுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 வாரச் செமஸ்டர், கட்டணம் 3,000 டாலர், அதை முழுவதும் பெல் கிராண்ட் கட்டிவிட்டது என்று வையுங்கள். மாணவர் 6-ஆம் வாரக் கடைசியில் நின்றால் 40 சதவீதம் கழிந்திருக்கிறது. 1,200 டாலர் அவர் கணக்கில் நிற்கும், 1,800 டாலரைக் கல்லூரி அரசுக்கு அனுப்பிவிடும். ஆனால் கல்லூரியின் சொந்தக் கட்டணம் அப்படி வாரக்கணக்கில் குறைவதில்லை. கட்டணத்தைத் திருப்பித் தரும் கடைசித் தேதி பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே முடிந்துவிடும். ஆகவே 3,000 டாலரும் அப்படியே நிற்கும். நடுவில் விழுந்த 1,800 டாலர் பள்ளம் மாணவர் தலையில். வருகைப் பதிவு கட்டாயமில்லாத கல்லூரிகளில், எல்லாப் பாடத்திலும் எஃப் வாங்கிக் காணாமல் போன மாணவரைச் செமஸ்டரின் நடுவில் நின்றவராக வைத்துக் கணக்குப் போடவும் விதியில் இடம் உண்டு. நம் வாசகியின் மகனுக்கு நடந்தது இதுதான். அவர் கையில் ஒரு காசும் வாங்கவில்லை. கல்லூரிக்கும் அரசுக்கும் நடுவே பணம் வந்து போயிற்று, பற்று மட்டும் அவர் பேரில் விழுந்தது.

எல்லாப் பாக்கியும் இப்படி வந்தவையல்ல. விடுதியில் உடைந்த சன்னல், பார்க்கிங் அபராதம், நூலகப் புத்தகம், கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட மருத்துவக் காப்பீடு என்று சின்னச் சின்னதாகவும் உண்டு. ஆனால் என்னை உறுத்துவது நோயாலும் வேலை போனதாலும் படிப்பை விட்டவர்களின் பாக்கிதான். படிப்பும் முடியவில்லை, அதற்கான விலையை மட்டும் பல ஆண்டுகள் கழித்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

இந்தப் பாக்கி மாநில அரசின் கைக்கு எப்படிப் போகிறது என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஒஹாயோவில் அரசுக் கல்லூரிகள் பழைய பாக்கியைத் தாங்களே வைத்துக்கொண்டு பொறுமை காட்ட முடியாது. கெடு முடிந்து 45 நாள், அல்லது அடுத்த செமஸ்டர் தொடங்கிய பத்தாம் நாள், இவற்றில் எது பிந்தியதோ அதற்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மேரிலாந்தில் சென்ட்ரல் கலெக்‌ஷன் யூனிட் என்று ஓர் அரசுப் பிரிவு இருக்கிறது. கடன் அங்கே போய்ச் சேர்ந்ததும் 17 சதவீதம் வசூல் கட்டணம் ஏறிவிடும். நம் கணக்கின் 1,800 டாலர் அங்கே 2,106 டாலர் ஆகும். வட கரோலைனாவில் பாக்கி 50 டாலர் இருந்தாலே மாநில ரீஃபண்டைப் பிடிக்கலாம். வர்ஜீனியாவிலும் இதற்கென்று தனிச்சட்டம் உண்டு.

தனியார் பல்கலைக்கழகங்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் பணம் வேண்டுமென்றால் நீதிமன்றம் போக வேண்டும், அதுவும் சட்டம் வைத்த ஆண்டுகளுக்குள் போக வேண்டும். மாணவர் வந்து தன் பக்கத்தைச் சொல்ல ஒரு வாய்ப்பாவது அங்கே இருக்கும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அதிகம் சேர்கிற அரசுக் கல்லூரிக்கும் கம்யூனிட்டி காலேஜுக்கும்தான் மாநில அரசின் நீண்ட கை உதவிக்கு வருகிறது. ஏழைகள் படிக்கட்டும் என்று வரிப்பணத்தில் கட்டிய கல்லூரிகள், அந்த ஏழைகளிடம் தனியாரைவிடக் கடுமையாக வசூலிக்கும் நிலையில் இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கல்லூரிகளின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். மாநில அரசுகள் கல்லூரிக்கு ஒதுக்கும் பணம் நெருக்கடிக் காலங்களில் வெட்டப்படுகிறது. பாக்கியை விட்டுவிட்டால் அந்தச் செலவை ஒழுங்காகக் கட்டுகிற மாணவர்கள்தான் சுமக்க வேண்டும். வசதி இருந்தும் கட்டாமல் போனவர்களும் இருப்பார்கள். இதையெல்லாம் மறுக்க முடியாது. கட்ட முடிந்தவர் யார், முடியாதவர் யார் என்று பார்க்காமலே கணினி ரீஃபண்டை மொத்தமாக எடுத்துக்கொள்கிறது என்பதுதான் என் வருத்தம். மேரிலாந்து போன்ற மாநிலங்களில் மாநில அளவிலும் ஏர்ன்டு இன்கம் கிரெடிட் பணமாகவே திரும்பி வரும். பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் உதவட்டும் என்று ஒரு கையால் கொடுத்ததை அரசு மறு கையால் எடுத்துக்கொள்கிறது. மத்திய அரசின் அளவில் இது செல்லுமா என்ற கேள்வி 1986-லேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அது வேறொரு கடன், முந்தைய மணத்துப் பிள்ளைக்குத் தர வேண்டிய பராமரிப்புத் தொகை. அந்தச் சலுகைப் பணமும் ரீஃபண்டுதான், பிடிக்கலாம் என்று தீர்ப்பாயிற்று.

ஏன் இவ்வளவு பழைய கடன் எல்லாம் உயிரோடு இருக்கிறது? தனிமனிதர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் என்றால் சில ஆண்டுகளில் வழக்குப் போடும் காலக்கெடு தீர்ந்துவிடும். அரசுக்குச் சேர வேண்டிய பணத்துக்குப் பல மாநிலங்களில் அந்தக் கெடு பொருந்துவதில்லை. அரசனின் உரிமைக்குக் காலம் ஓடாது என்று இங்கிலாந்துச் சட்டத்தில் இருந்த பழைய கொள்கை குடியரசிலும் தங்கிவிட்டது. மத்திய அரசின் மாணவர் கடனுக்கு இருந்த காலக்கெடுவை 1991-இல் நாடாளுமன்றமே எடுத்துவிட்டது. பத்தாண்டு தாண்டிய மற்ற அரசுக் கடன்களுக்காக ரீஃபண்டைப் பிடிக்கக்கூடாது என்றிருந்த வரம்பு 2008-இல் போனது, அதுவும் ஒரு விவசாயச் சட்டத்தின் உள்ளே வைத்து. இடையில் 2005-இல் சியாட்டில் நகரத்து ஜேம்ஸ் லாக்ஹார்ட் என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பத்தாண்டுக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்காக அவருடைய சோஷியல் செக்யூரிட்டித் தொகையிலேயே கைவைக்கலாமா என்பது கேள்வி. கைவைக்கலாம் என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். படிப்புக்கு வாங்கிய கடன் முதுமையின் வாசல் வரை வரலாம் என்பது அன்று உறுதியானது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் வாசகர் கடிதங்களில் இரண்டும் கலந்தே வருகின்றன. மத்திய அரசிடம் வாங்கிய மாணவர் கடன் வேறு, கல்லூரிக்கே கட்ட வேண்டிய பாக்கி வேறு. முதலாவதை 270 நாள் கட்டாமல் விட்டால் தவணை தவறியதாகி, ட்ரெஷரி ஆஃப்செட் புரோகிராம் மூலம் மத்திய அரசு ரீஃபண்டையே பிடிக்கலாம். கோவிட் காலத்தில் நிறுத்தி வைத்திருந்த அந்த வசூல் 2025 மே 5-ஆம் தேதி மீண்டும் தொடங்கியது. ஆட்சிக்கு ஆட்சி இந்தக் கொள்கை மாறுகிறது. ஆகவே கணக்குத் தாக்கல் செய்யும் முன் அன்றைய நிலையைக் கல்வித்துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள். இரண்டாவதான கல்லூரிப் பாக்கிக்கு, மாநிலம் தன் சொந்த ரீஃபண்டை மட்டுமே பிடிக்கலாம். மத்திய ரீஃபண்ட் அதற்குப் போகாது. மத்திய அரசுக் கடன் அறவே இல்லை என்பதால் தன் மேல் எந்தப் பாக்கியும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் இந்த இரண்டாவது கடிதத்தைப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

ரீஃபண்ட் பறிபோவதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பாக்கி இருக்கிற வரை டிரான்ஸ்கிரிப்ட் தரமாட்டோம் என்று கல்லூரிகள் சொல்வது வெகுகாலமாக நடந்துவந்தது. மூன்று செமஸ்டர் நன்றாகப் படித்து, நாலாவதில் தடுக்கி விழுந்தவர், அந்த மூன்றின் மதிப்பெண்ணையும் வேறு கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. படிப்பை முடித்தால்தான் நல்ல வேலை கிடைக்கும், வேலை கிடைத்தால்தான் பாக்கியைக் கட்ட முடியும். பாக்கியைக் கட்டும் வழியை அந்தப் பாக்கியே அடைத்துக்கொண்டு நிற்கிறது. இதாகா எஸ்+ஆர் என்ற ஆய்வு நிறுவனம் 2020-இல் போட்ட மதிப்பீட்டின்படி இப்படிச் சிக்கிய மாணவர்கள் சுமார் 66 லட்சம் பேர், அவர்கள் கல்லூரிகளுக்குத் தர வேண்டியது சுமார் 1,500 கோடி டாலர். தலைக்கு 2,300 டாலருக்கும் கொஞ்சம் குறைவாக வருகிறது. ஒரு பழைய காரின் விலைகூட இல்லை. அதற்காக ஒருவருடைய பட்டம் நின்றுபோகிறது.

இதில் நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. கலிஃபோர்னியா 2019-இல் சட்டம் போட்டு டிரான்ஸ்கிரிப்டை நிறுத்திவைப்பதைத் தடுத்தது, வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து மத்திய அரசின் விதியும் மாறியது. மத்திய உதவித்தொகை பெற்று, கட்டணம் முழுவதும் கட்டி முடித்த செமஸ்டர்களின் மதிப்பெண்ணையாவது கல்லூரி தந்தாக வேண்டும். பழைய பாக்கிக்குப் பயந்து கல்லூரிப் பக்கமே போகாமல் இருப்பவர்கள் இந்த விதியைச் சொல்லி ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

அதைவிட என் மனத்துக்கு நிறைவு தந்தது டெட்ராய்ட்டின் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகம் செய்த காரியம். 2018-இல் அவர்கள் வாரியர் வே பேக் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். படிப்பை விட்டுப்போன பழைய மாணவர்களில் 1,500 டாலர் வரை பாக்கி வைத்திருப்பவர்கள் திரும்பி வந்து சேரலாம். ஒவ்வொரு செமஸ்டர் முடிக்க முடிக்க 500 டாலர் தள்ளுபடியாகும். வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, மாலை வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள் நடுவயதுக்காரர்கள். திரும்பி வந்தவர்கள் கட்டிய கட்டணம் தள்ளுபடி செய்த தொகையைவிட அதிகம் என்று பல்கலைக்கழகமே கணக்குச் சொன்னது. 2022-இல் வடகிழக்கு ஒஹாயோவில் 8 அரசுக் கல்லூரிகள் கூடி காலேஜ் கம்பேக் காம்பாக்ட் என்று ஓர் உடன்பாடு போட்டுக்கொண்டன. கிளீவ்லாந்து ஸ்டேட், கென்ட் ஸ்டேட், ஏக்ரன், யங்ஸ்டவுன் ஸ்டேட் பல்கலைக்கழகங்களும் நான்கு கம்யூனிட்டி காலேஜ்களும் அதில் உண்டு. ஒன்றில் பாக்கி வைத்தவர் எட்டில் எதில் வேண்டுமானாலும் சேரலாம், 5,000 டாலர் வரை தள்ளுபடி கிடைக்கும். 45 நாளில் அட்டர்னி ஜெனரலிடம் கடனை அனுப்பச் சொல்லும் அதே மாநிலத்தில்தான் இதுவும் நடக்கிறது. பிள்ளைகளை விரட்டிப் பிடிப்பதைவிட வாவென்று கூப்பிடுவதில் பணமும் அதிகம் வருகிறது என்று இந்தக் கல்லூரிகள் செய்து காட்டிவிட்டன. மற்ற மாநிலங்கள் ஏன் இன்னும் தயங்குகின்றன என்று நம் மாநில சட்டமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டும். நம்மில் வாக்குரிமை உள்ளவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறோம்.

சரி, இன்று வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு, வரி பார்ப்பவர்களிடமும் கல்லூரி அலுவலகங்களிலும் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உங்கள் பிள்ளை செமஸ்டரின் நடுவில் நிற்க வேண்டி வந்தால், எதிலும் கையெழுத்துப் போடும் முன் ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்தில் இரண்டு தேதிகளைக் கேட்கச் சொல்லுங்கள். கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள் எது, 60 சதவீத நாள் எது. நம் கணக்கில் பார்த்த 15 வாரச் செமஸ்டருக்கு அது ஒன்பதாவது வாரத்தின் கடைசி. சில நாட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனால் ஆயிரக்கணக்கான டாலர் மிஞ்சும் என்றால் அது தெரிந்திருக்க வேண்டாமா? போகவே முடியாத நிலை என்றால் எழுத்தில் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும், சும்மா மறைந்துவிடக்கூடாது. நோயோ குடும்பத்தில் அவசரமோ காரணமென்றால், முடிந்துபோன செமஸ்டருக்கும் பின்தேதியிட்டு விலகல் கேட்டு விண்ணப்பிக்கப் பல கல்லூரிகளில் வழி உண்டு. ஆஸ்பத்திரிக் காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

கடிதம் வந்துவிட்டால் முதல் வேலை தேதியைப் பார்ப்பது. கெடு இருந்தால் போனில் பேசித் தீர்க்க முயலாமல் எழுத்தில் விசாரணை கேளுங்கள். வரவு செலவு ஒவ்வொரு வரியாகக் காட்டும் கணக்கைக் கல்லூரியின் பர்சர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். தவணையில் கட்ட ஒப்புக்கொண்டாலும் சில மாநிலங்கள் ரீஃபண்டைப் பிடிப்பதை நிறுத்துவதில்லை, அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கணவன் மனைவி சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்யும்போது ஒருவருடைய பழைய கடனுக்கு இன்னொருவர் உழைத்த பணமும் போய்விடுகிறது. மத்திய ரீஃபண்டில் தன் பங்கைத் திரும்பக் கேட்க 8379 என்ற படிவம் இருக்கிறது, மாநில ரீஃபண்டுக்கு அந்தந்த மாநிலத்தில் என்ன வழி என்று விசாரிக்க வேண்டும். எம்.எஸ். படிக்க வந்து, ஒரு கல்லூரியில் பாக்கியோடு விட்டு, இன்னொன்றுக்கு மாறிப் படித்து முடித்தவர்கள் நம்மில் உண்டு. கல்யாணமாகி ஊரிலிருந்து வந்து, இங்கே முதல் வேலையில் சேர்ந்த பெண்ணுக்கு அந்தப் பழைய கதை எதுவும் தெரிந்திருக்காது. அவளுடைய முதல் ரீஃபண்டே அதற்குப் போக வேண்டாமே. புதுமணத் தம்பதிகள் இந்தக் கணக்கை ஒருவருக்கொருவர் மறைக்காமல் பேசிவிட்டால் நல்லது.

நம் வாசகியின் மகன் அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, பின்தேதி விலகலுக்கு விண்ணப்பம் போட்டார். கல்லூரி ஒரு பகுதியைக் குறைத்தது. மீதியை மாதாமாதம் கட்டி வருகிறார். பறிபோன ரீஃபண்ட் பறிபோனதுதான். டிரான்ஸ்கிரிப்ட் கையில் வந்திருக்கிறது, மாலை வகுப்புக்கு விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அந்த வீட்டில் நான் கேட்ட ஒரு வாக்கியம் மனத்தை விட்டுப் போகவில்லை. "சொல்லியிருந்தா திட்டியிருப்பீங்க" என்றார் மகன். திட்டியிருப்போம்தான். படிப்பைப் பற்றி நம் வீடுகளில் பேசுகிற தோரணை அப்படி. அடுத்த வீட்டுப் பிள்ளை எங்கே சேர்ந்தான், எத்தனை வாங்கினான் என்பதைக் கூட்டங்களில் பெருமையாகப் பேசுகிறோம். தோற்ற செமஸ்டரைப் பற்றி வாயைத் திறக்க ஒரு பிள்ளைக்கும் துணிவு வராதபடி வைத்திருக்கிறோம். அந்த வாரமே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் ஒரு விண்ணப்பத்தில் தீர்ந்திருக்கக்கூடியது, பல ஆண்டுகள் கழித்து வசூல் கட்டணத்தோடு வந்து நின்றது. பெற்றோர்களே, இந்தப் பக்கத்தைப் படித்ததும் கல்லூரியில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கு ஒரு போன் போடுங்கள். மதிப்பெண்ணைக் கேட்க வேண்டாம். வகுப்புக்குப் போக முடிகிறதா, ஏதாவது பாக்கிக் கடிதம் வந்திருக்கிறதா என்று சாவகாசமாகக் கேளுங்கள். எந்தப் பதில் வந்தாலும் அன்று கோபப்படாதீர்கள்.

நம் தமிழ்ச் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டிய சமூகம் இது, அதில் நம் வாசகர்கள் பலரின் பங்கும் இருக்கிறது. அட்லாண்டாவில் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2011-இல் பாந்தர் ரிடென்ஷன் கிராண்ட் என்று ஓர் உதவியைத் தொடங்கியது. சில நூறு டாலர் குறைவதால் பெயர் நீக்கப்படும் நிலையில் இருக்கும் மாணவர்களைத் தேடிப் போய், அந்தத் தொகையைக் கல்லூரியே கட்டிவிடும். மாணவர் விண்ணப்பிக்கக்கூட வேண்டாம். ஒஹாயோவின் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகம் 2021-இல் பட்டமளிப்பு மேடையிலேயே அந்த ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் முடித்தவர்களின் பாக்கியை நன்கொடைப் பணத்தால் தள்ளுபடி செய்தது. இவ்வளவு பெரிதாக நம்மால் முடியாமல் போகலாம். உங்கள் ஊர் கம்யூனிட்டி காலேஜில் ஓர் அவசர நிதிக்கு ஒரு பொங்கல் விழாவின் மிச்சப் பணம் போதும். எந்த இனத்துப் பிள்ளைக்கும் அது பயன்படட்டும். கல்லூரியின் ஃபவுண்டேஷன் அலுவலகத்தைக் கூப்பிட்டு, செமஸ்டர் நடுவில் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கும் மாணவர்களுக்கு நிதி இருக்கிறதா, இல்லையென்றால் எங்கள் பேரில் ஒன்று தொடங்கலாமா என்று கேளுங்கள். தொடங்கியவர்கள் எழுதுங்கள், எப்படிச் செய்தீர்கள் என்பதை மற்ற ஊர்க்காரர்களும் தெரிந்துகொள்ள வரும் இதழ்களில் இடம் ஒதுக்குகிறேன். ரீஃபண்ட் கடிதம் பற்றிய உங்கள் கேள்விகளையும் அனுப்புங்கள். வரி ஆலோசகர்களான நம் வாசகர்கள் சிலர் அடுத்த இதழில் பதில் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்